மூன்றாம் தடம்

சிராங்கூன்
19 ஜனவரி 2025

அன்புள்ள தம்பி எலைஜாவுக்கு அக்கா பிரிஜட் எழுதுவது,

மாதா புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம். முட்டிவலி மட்டும் என்னை விட்டுப் போக மனசில்லாமல் கூடவே இருக்கிறது. ஆட்ரியும் கேட்லினும் எப்படி? பெர்த்தில் வெயில் கொளுத்துகிறதாமே, பிள்ளையை மத்தியானம் வெளியே விடாதே.

போனில் பேசினால் நமக்கு மூன்றாவது நிமிடமே சண்டை. கிறிஸ்துமஸ் அன்றைக்கு நடந்த கூத்தே போதும். அதனால் இனிமேல் மெயிலில் கடிதம்தான். இதில் நீ குறுக்கே பேச முடியாது பார்.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருடம் முன்பு நீ கட்டிக் கொடுத்த ‘பேச்சுத்துணை’ தளம் இந்த மாதம் பிறந்ததிலிருந்து என்னைப் படுத்தி எடுக்கிறது. சிங்கப்பூருக்குக் கட்டுமான வேலைக்கு வந்திருக்கும் நம் ஆட்கள் கிளினிக்கில் டாக்டர் முன்னால் உட்கார்ந்து போனைத் திறப்பார்கள். நானோ சுப்பிரமணியம் அண்ணனோ வீடியோவில் வந்து, அவர்கள் தமிழை டாக்டருக்கும் டாக்டரின் இங்கிலீஷை அவர்களுக்கும் சொல்வோம். இதுவரை ஒரு குறையும் வந்ததில்லை. இப்போது பேச்சுக்கு நடுவே படம் நின்றுவிடுகிறது, சத்தமும் போய்விடுகிறது. “எங்க வலிக்குது?” என்று கேட்கிறேன், அந்தப் பையன் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்து நிற்கிறான். போன வாரம் மட்டும் பதினோரு அழைப்பு இப்படிப் போயிற்று.

முப்பது வருடம் நர்ஸாக இருந்தவளுக்கு நெட்வொர்க்கைப் பற்றி என்ன தெரியும்? உனக்குத்தான் அது சோறு போடுகிற தொழில். என்ன செய்யலாம், சீக்கிரம் எழுது.

மூன்று பேருக்கும் என் முத்தங்கள்.
அக்கா

*

பெர்த்
24 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் நலம். முட்டிக்கு ஒரு டாக்டரைப் பாருங்கள். நர்ஸைப் போல மோசமான நோயாளி உலகத்திலேயே கிடையாது என்று ஆட்ரி சொல்கிறாள். நான் சொல்லவில்லை.

தளத்தை இங்கிருந்து திறந்து பார்த்தேன், நன்றாகத்தான் ஓடுகிறது. டன்லப் ஸ்திரீட்டில் நீங்கள் தளம் நடத்தும் அறையில் இருக்கும் ரவுட்டர் கிழடாகிவிட்டது, அதை மாற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்கு வரும் ஆட்களில் ஐந்தாறு பேரை மேலே கூட்டிவந்து சோதித்துப் பாருங்கள். அவர்கள் எந்த சிம் வைத்திருக்கிறார்கள் என்றும் கேட்டு எழுதுங்கள்.

எனக்கு வேலை தலைக்கு மேல். எங்கள் கம்பெனி பல நாட்டு டெலிகாம்களுக்கு நெட்வொர்க் நெரிசலை ஒழுங்குபடுத்திக் கொடுக்கிறது, தெரியுமே. இந்த மாதம் ஒரு புதுத் திட்டத்தை முடித்துக் கொடுத்தேன். மேனேஜர் கேக் வெட்டினார். இங்கே நிரந்தரமாகத் தங்க நாங்கள் போட்ட பி.ஆர். விண்ணப்பத்துக்கும் கம்பெனிதான் கையெழுத்துப் போட வேண்டும், அதனால் எனக்கு இனிப்பு ஆகாது என்று சொல்லாமல் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
தம்பி எலைஜா

*

சிராங்கூன்
16 பிப்ரவரி 2025

அன்புள்ள எலைஜா,

உன் கடிதம் கிடைத்தது, சந்தோஷம். எல்லாரும் நலம் என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

நீ சொன்னபடி ரவுட்டரை மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை ஆறு பேரை அறையில் உட்காரவைத்து, நம் வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்து, ஒவ்வொருவராகப் பேசவிட்டோம். ஆறு பேருக்கும் தடங்கலே இல்லை. அப்படியானால் தளத்தில் குறை இல்லை, ஆட்களுக்குத்தான் பயன்படுத்தத் தெரியவில்லை என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஆறு பேரும் வைத்திருப்பது அந்த மஞ்சள் சிம். இங்கே பாதிப் பேரிடம் அதுதான். சினிமாவும் கிரிக்கெட்டும் அதில் நிற்காமல் ஓடுமாம்.

இப்போது நடந்ததைக் கேள். அழகர்சாமி என்று சிவகங்கைக்காரர். முப்பத்தெட்டு வயது, இரண்டு பெண் பிள்ளைகள். 4ஆம் தேதி செவ்வாய்க்கிழமை இரும்பைக் கிரைண்டரில் தேய்க்கும்போது துகள் தெறித்து வலது கண்ணுக்குள் போயிருக்கிறது. கிளினிக்கில் நம்மை அழைத்தார், சுப்பிரமணியம் அண்ணன் எடுத்தார். “என்னாச்சு தம்பி?” என்று கேட்டதோடு எல்லாம் நின்றுவிட்டது. அண்ணன் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். போகவில்லை. டாக்டர் “டஸ்ட்?” என்று கேட்க, இவரும் பயத்தில் “டஸ்ட், ஓகே, ஓகே” என்று தலையாட்டியிருக்கிறார். சொட்டுமருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நாலு நாள் கழித்துக் கண் சீழ் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பார்வை வருமா என்று அங்கே யாரும் வாய் திறக்கவில்லை.

தம்பி, இது யாருடைய தப்பு? தளமா, போனா, சுப்பிரமணியம் அண்ணனா? எனக்குத் தெரிந்தாக வேண்டும். உடனே எழுது.

அக்கா

*

பெர்த்
23 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். வேலை அதிகம்.

தளத்தில் குறை எதுவும் தெரியவில்லை. சுப்பிரமணியம் அண்ணன் தெரியாமல் எதையாவது அமுக்கியிருக்கலாம். வயதானவர்களுக்கு இது சகஜம்தான், அவரை ரொம்பத் திட்டவேண்டாம். இனிமேல் அவசரம் என்றால் வீடியோவை நம்பாமல் சாதாரண போனில் கூப்பிடச் சொல்லுங்கள்.

அந்த அழகர்சாமிக்குப் பார்வை வந்துவிட்டதா?

தம்பி

*

சிராங்கூன்
26 மார்ச் 2025

அன்புள்ள எலைஜா,

சுகமா? ஐந்து வாரம் கழித்து எட்டு வரியில் ஒரு கடிதம். கேட்லின் பிறந்தபோதுகூட நீ மூன்று பக்கம் எழுதினவன்.

பார்வை வரவில்லை. இன்னொரு இடியும் விழுந்திருக்கிறது. அது வேலையில் பட்ட அடியே இல்லை என்கிறார் அவருடைய முதலாளி. கண்ணில் தூசி விழுந்ததாக அவரே சொன்னார் என்று கிளினிக் சீட்டில் எழுதியிருக்கிறதாம். விசாரணை ஜூலை 11. அதற்குள் நிரூபிக்காவிட்டால் நஷ்டஈடும் கிடையாது, சிகிச்சைக்கும் ஆள் கிடையாது, ஒற்றைக் கண்ணோடு ஊருக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள்.

நீ எழுதியதை நம்பி சுப்பிரமணியம் அண்ணனிடம் கேட்டேன். கேட்டேன் என்ன கேட்டேன், நாலு பேர் முன்னால் கத்தினேன். “நான் ஒண்ணும் அமுக்கல சிஸ்டர். அதுவா நின்னுடுச்சு லா. முப்பத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டினவன், எனக்கு ஒரு பட்டன் தெரியாதா?” என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அறைச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனவர் அப்புறம் வரவே இல்லை.

நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று ஆட்ரி மெசேஜ் போட்டாள். உடம்பு சரியில்லையா? எதையாவது மறைக்கிறாயா? சொல்லுப்பா.

அக்கா

*

பெர்த்
5 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு ஒன்றும் இல்லை. ஆட்ரி எல்லாவற்றையும் பெரிதாக்குவாள்.

எனக்குத் தெரிந்த ஒருவரிடம் பேசியிருக்கிறேன். பெரிய வியாழனுக்குள் உங்கள் தளம் சரியாகிவிடும். எப்படி என்று கேட்காதீர்கள். சுப்பிரமணியம் அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஈஸ்டர் நன்றாக அமையட்டும்.
தம்பி

*

சிராங்கூன்
27 ஏப்ரல் 2025

என் ராசா எலைஜா,

உயிர்ப்பின் மகிழ்ச்சி உன் வீட்டில் நிறையட்டும். இங்கே முட்டிவலியைக்கூட மறந்துவிட்டேன்!

நீ யாரிடம் பேசினாயோ, அவர் வாயில் சர்க்கரை போட வேண்டும். பெரிய வியாழனிலிருந்து ஒரு அழைப்புகூட நிற்கவில்லை. பத்து நாளில் நாற்பத்தேழு பேர். மூச்சுத்திணறலோடு வந்த ஒருவரின் நெஞ்சு ஏறி இறங்குவதைக்கூட என்னால் பார்க்க முடிந்தது. லூர்து மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். பாதி மாதாவுக்கு, பாதி உனக்கு.

சுப்பிரமணியம் அண்ணனுக்கு மூன்று தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. அழகர்சாமிக்கு இரண்டாவது ஆபரேஷன் முடிந்தது, கட்டு இன்னும் பிரிக்கவில்லை.

ஒரு விஷயம் மட்டும் புரியவில்லை. பங்களாதேஷ் ஆட்களுக்கு உமைர் நம்மைப் போலவே ஒரு தளம் நடத்துகிறார், நினைவிருக்கிறதா? நேற்று நம் அறைக்கு வந்து, இரண்டு போனை மேசையில் வைத்தார். இரண்டிலும் மஞ்சள் சிம். நம் தளம் ஓடியது, அவருடையது உறைந்தது. “அக்கா, சிம் சேம், டைம் சேம். உங்களுக்கு மட்டும் எப்படி லா?” என்று கேட்டார். வைஃபை இல்லாமல் சோதிக்க வேண்டும் என்று எனக்கு இத்தனை நாளும் தோன்றவே இல்லையே. அவருக்கு என்ன பதில் சொல்வது?

ஆசீர்வாதங்களுடன்
அக்கா

*

சிராங்கூன்
11 மே 2025

எலைஜா,

இரண்டு வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. மஞ்சள் சிம் கம்பெனியிலிருந்து வந்துவிட்டது. நம் தளத்தின் பெயருக்கு ஒரு மெயில். “உங்கள் விரைவுப் பாதைச் சேவை இந்த மாதத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. கட்டணம் செலுத்தியவர்: ஆட்ரி, பெர்த்.”

மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேனே, எனக்கே சிரிப்பு வருகிறது.

விரைவுப் பாதை என்றால் என்ன? காசு கட்டினால் ஓடும், கட்டாவிட்டால் நிற்கும், அதுதானே? ஜனவரியிலிருந்து எங்களை நிறுத்தி வைத்திருந்தது அதுதானே? இது உனக்கு எப்போது தெரியும்? பெண்டாட்டி பெயருக்குப் பின்னால் ஏன் ஒளிந்துகொண்டாய்?

நலம் விசாரிக்க மாட்டேன். பதில் எழுது.

பிரிஜட்

*

பெர்த்
15 மே 2025

அக்கா,

இந்தக் கடிதத்தை ஐந்து தடவை எழுதி அழித்தேன். இப்போது அழிக்காமல் எழுதுகிறேன்.

மஞ்சள் சிம் எங்கள் கம்பெனியின் வாடிக்கையாளர். ஒரே ரோட்டில் மூன்று தடம் போட்டோம். காசு கட்டிய சினிமா, கிரிக்கெட் ஆப்களுக்கு முதல் தடம். எல்லாருக்கும் தெரிந்த பெரிய தளங்களுக்கு இரண்டாம் தடம். பெயர் தெரியாத வீடியோ எல்லாம் மூன்றாம் தடம். நெரிசல் வந்தால் முதலில் மூன்றாவதை நிறுத்த வேண்டும். எது எந்தத் தடம் என்ற பட்டியலை எழுதியவன் நான். அதற்குத்தான் அந்தக் கேக். நானே கட்டிக் கொடுத்த பேச்சுத்துணை அதே மூன்றாம் தடத்தில் விழும் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை.

மஞ்சள் சிம் என்று நீங்கள் எழுதியதும் புரிந்துவிட்டது. உங்கள் வைஃபையில் சோதித்தால் மஞ்சள் சிம்மின் குறை எப்படித் தெரியும்? அதை அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும். 4 பிப்ரவரி காலை 10.42க்கு அழகர்சாமியின் அழைப்பு நிறுத்தப்பட்ட பதிவை என் கண்ணாலேயே பார்த்தேன். அதே நிமிடத்தில் முதல் தடத்தில் சினிமாப் பாட்டு நிற்காமல் ஓடியிருக்கிறது.

பயந்துவிட்டேன் அக்கா. கம்பெனி ரகசியம் எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சொன்னால் வேலை போகும், வேலை போனால் பி.ஆர். போகும், கேட்லின் பள்ளிக்கூடம் போகும். அதனால் என் பெயர் தெரியாமல் ஆட்ரியின் கார்டில் காசு கட்டி உங்களை மட்டும் முதல் தடத்தில் ஏற்றிவிட்டேன். சுப்பிரமணியம் அண்ணனைப் பற்றி எழுதியது பொய் என்று தெரிந்தே எழுதினேன்.

ஆட்ரிக்கு இன்று காலைதான் எல்லாம் சொன்னேன். என்னோடு பேசவில்லை.

எலைஜா

*

சிராங்கூன்
1 ஜூன் 2025

எலைஜா,

உன்னை நான் பெறவில்லை, இடுப்பில் தூக்கி வளர்த்தேன். அந்த உரிமையில் சொல்கிறேன், உன்னை நினைத்தால் வயிறு எரிகிறது. பயந்தாய், சரி, மனுஷன் பயப்படத்தான் செய்வான். ஒரு பெரிய மனுஷர் தலையில் பழியைப் போட்டாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. நானும் அதை நம்பினேன் பார், எனக்கும் செருப்பால் அடி வேண்டும்.

சுப்பிரமணியம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். “உங்க தம்பியாச்சே சிஸ்டர், எப்படி வெளியில சொல்வீங்க?” என்று கேட்டார். அந்த மனுஷருக்கு அப்போதும் என் கஷ்டம்தான் தெரிகிறது. நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

கட்டுகிற காசை நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிறுத்தினால் நாளைக்கே ஒருவர் டாக்டர் முன்னால் ஊமையாக உட்கார்ந்திருப்பார். உமைரின் ஆட்கள் மட்டும் மனுஷர் இல்லையா? ஆனால் அந்தக் காலை 10.42 பதிவு உன்னிடம் இருக்கிறது. அழகர்சாமி பொய் சொல்லவில்லை, அவரைப் பேசவே விடவில்லை என்று இந்த உலகத்தில் சாட்சி சொல்லக்கூடியது அது ஒன்றுதான். உன் கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். அது திருடிக் கொடுத்ததாகும். நீயே கொடுத்தால்தான் சாட்சி.

விசாரணைக்கு நாற்பது நாள் இருக்கிறது. கேட்லினை நினைத்து எனக்கும் பதறுகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அழகர்சாமியின் இரண்டு பெண்களையும் நினைத்துவிட்டு முடிவு செய்.

நீ எதைச் செய்தாலும் நான் உன் அக்காதான். அதில் மாற்றம் இல்லை.

பிரிஜட்

*

பெர்த்
20 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? இங்கே கேட்லினுக்குச் சளி. ஆட்ரி பேச ஆரம்பித்துவிட்டாள், அதில் பாதி திட்டுத்தான்.

நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். ஜூன் 27 அன்று விசாரணை அதிகாரிகளுக்கும், டெலிகாமைக் கண்காணிக்கிறவர்களுக்கும் என் பெயர் போட்டுப் பதிவுகளை அனுப்பினேன். அன்று மாலையே கம்பெனியில் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. பி.ஆர். இனி இல்லை. டிசம்பரில் சிங்கப்பூருக்கே திரும்புகிறோம். அழகர்சாமியின் கேஸில் கிளினிக் சீட்டைத் தள்ளிவைத்து, வேலையில் பட்ட அடி என்றே எடுத்துக்கொண்டார்கள் என்று நீங்கள் எழுதியதை ஆட்ரியிடமும் காட்டினேன். தடங்களை எடுத்துவிடலாமா என்று மஞ்சள் சிம்காரர்கள் பரிசீலிக்கிறார்களாம். விரைவுப் பாதைக்கு என்னால் இனிக் காசு கட்ட முடியாது, அதனால் நீங்களும் உமைரும் ஒரே மூன்றாம் தடத்தில் நிற்கிறீர்கள்.

வீடியோ மறுபடி நின்றபின் சாதாரண போனில் மொழிபெயர்க்க ஆள் போதவில்லை என்று நீங்கள் சொன்னதால்தானே நானும் இங்கிருந்து பெயர் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை காலை வரிசைப்படி எனக்கு ஒரு அழைப்பு வந்தது. கண் டாக்டர். நோயாளியின் பெயர் அழகர்சாமி என்றார். திரும்பி வந்துவிட்ட சுப்பிரமணியம் அண்ணனுக்கு மாற்றிவிட்டிருக்கலாம். மாற்றவில்லை.

டாக்டர் சொன்னதைத் தமிழில் சொன்னேன். “வலது கண்ணுல இனிமே பார்வை வராது. இன்னொரு ஆபரேஷன் பண்ணியும் பிரயோஜனம் இல்ல.”

டாக்டர் சொல்வதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னீர்கள். நான் சேர்த்துவிட்டேன். “அழகர்சாமி, இது டாக்டர் சொல்றது இல்ல, நான் சொல்றேன். அன்னைக்கு உங்க லைன் நின்னுச்சே, அதை நிக்க வச்ச பட்டியலை எழுதினவன் நான்தான். எம் பேரு எலைஜா. பிரிஜட் அக்காவோட தம்பி.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. டாக்டர் என்னவென்று இங்கிலீஷில் கேட்டார். அவருக்கும் சொன்னேன். “அழகர்சாமி, லைன்ல இருக்கீங்களா?” என்று கேட்டேன்.

“இருக்கேன் சார்,” என்றார். “அதை அப்புறம் பேசிக்கலாம். இடது கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதேன்னு டாக்டரைக் கேளுங்க. உங்களை விட்டா எனக்குக் கேக்க இங்க ஆள் இல்ல.”

கேட்டேன் அக்கா. ஒன்றும் ஆகாது என்றார் டாக்டர். அதை அப்படியே அவருக்குச் சொன்னேன்.

தம்பி
எலைஜா